பெயர் போடாத பதிவு

மோட்டாரக்காவுக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. இதை அவளே வாரத்துக்கு நாலு தடவை சொல்லுவாள். "எனக்கு எதுக்குங்க பொறாமை? அவங்கவங்களுக்கு எழுதினது அவங்கவங்களுக்கு" என்பாள். சொன்ன கையோடு, தன் ஓரகத்தி உட்கார்ந்திருக்கும் வரவேற்பு மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். கேட்டவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அவள் வேலை பார்ப்பது ஒரு நீச்சல் நிலையத்தின் பின்கட்டில். அங்கே ஓர் அறை, அறையை அடைத்துக்கொண்டு ஒரு தொட்டி. இரண்டு கட்டில்களை நீளவாக்கில் போட்ட அளவுதான் இருக்கும். முன்சுவரில் கம்பி வலை, வலைக்குப் பின்னால் மோட்டார். அது தண்ணீரை நீந்துகிறவரின் முகத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆள் எவ்வளவு நீந்தினாலும் நீந்திய இடத்திலேயே கிடப்பார். முதல் தடவை வருகிறவர்கள், "இதென்ன கூத்து, எங்கயும் போகாம எதுக்கு நீந்தணும்?" என்று சிரிப்பார்கள். ஐந்து நிமிடம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் சிரிப்பு வராது. பெரிய குளத்தில் சுவரை எட்டி உதைத்து நாலு கஜம் திருடிக்கொள்ளலாம். நடுவில் கையை ஓய விடலாம், யாருக்கும் தெரியாது. இந்தத் தொட்டியில் உதைக்கச் சுவர் இல்லை. ஒரு கை இழுத்து முடித்து மறு கை தண்ணீரைப் பிடிப்பதற்குள் இமைப்பொழுது சும்மா இருந்தால் போதும், ஓட்டம் ஆளைப் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. அடியில் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒரு கேமரா. நீந்தி முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே தன் தப்பைத் தானே திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் திரைக்கு முன்னால், வேகம் கூட்டும் திருகும் சிவப்புப் பொத்தானும் இருக்கும் மேசையில், பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் மோட்டாரக்கா. மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, கேமராவை ஓடவிடுவது, பதிவுகளுக்குப் பெயர் போட்டு அவரவர் கணக்கில் சேர்ப்பது, வாரத்துக்கொரு முறை வலையைக் கழற்றிச் சிக்கின முடியை வழித்தெடுப்பது எல்லாம் அவள் பாடு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் வலையின் இரும்புச் சட்டம் இடது கையில் விழுந்து சுண்டுவிரல் முறிந்தது. கட்டுப்போட்டுச் சரியானாலும், அந்த விரல் மற்ற நாலோடு சேராமல் சற்றுத் தள்ளியே நின்றது, கூட்டுக்குடும்பத்தில் கோபித்துக்கொண்ட ஆள் மாதிரி. வலி போனதும் அவள் அதை மறந்துபோனாள்.

அவள் கண் பொல்லாத கண். வங்கி மேலாளராக இருந்தாலும் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தாலும், தொட்டியில் இறங்கின பிறகு அவளுக்கு வெறும் முழங்கைதான். முழங்கை தாழ்கிறதா, தலை தூக்குகிறதா, கால் சைக்கிள் மிதிக்கிறதா, எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தொட்டியின் இரண்டு ஓரங்களிலும் ஓட்டம் கொஞ்சம் மெலிந்திருக்கும். சோம்பேறிகள் தெரியாமல் ஓரமாக நழுவி அங்கே மூச்சு வாங்குவார்கள். "சார், நடுவுல வாங்க. ஓரத்துல ஒதுங்கினா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று மைக்கில் சொல்லுவாள். தண்ணீருக்குள் இருந்தே அவர் காது சிவந்துபோகும்.

அவளும் நீந்துவாள். சேர்ந்து இரண்டு வருடம் வரை தண்ணீரில் கால் நனைத்ததில்லை. ஒருநாள் ஒரு வயதான வாடிக்கையாளர், "ஊருக்கெல்லாம் தப்பு சொல்றியே, உனக்கு நீந்தத் தெரியுமாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில், ஒன்றிலிருந்து இரண்டரை வரை நிலையம் மூடியிருக்கும் நேரத்தில், திருகை ஒன்றில் வைத்துவிட்டுத் தொட்டியில் இறங்கினாள். மூக்கில் தண்ணீர் ஏறித் துடித்துப்போனாள். ஆனாலும் விடவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். இரண்டு வருடத்தில் ஆறாம் வேகத்தில் பத்து நிமிடம் நின்றாள். அதற்குப்பின் ஒரு நாளும் அந்த ஒன்றரை மணி நேரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஊரில் உள்ள நீச்சலையெல்லாம் பார்த்தவள் தன்னுடையதை மட்டும் பார்த்ததில்லை. அவள் உள்ளே இருக்கும்போது கேமராவை ஓடவிட மேசையில் யார் இருக்கிறார்கள்? தரைக் கண்ணாடியில் தெரிவது தாடையும் குமிழும்தான். மாஸ்டர், அதாவது நிலையத்தின் பயிற்சியாளர், ஒருமுறை "வேணும்னா நான் எடுத்துத் தரவா?" என்றபோது, "அய்யோ, வேணாம் மாஸ்டர். நான் நீந்துறதைப் பார்த்து நானே பயந்துட்டா?" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். உண்மையிலேயே அவளுக்குப் பயம். பதினோரு வருடமாக மற்றவர்களைப் பார்த்து நக்கல் அடித்த வாய் தன்னைப் பார்த்து என்ன சொல்லுமோ என்று பயம்.

ஓரகத்தி கதைக்கு வருவோம். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடத்துக்கு முன் அந்த வீட்டுக்கு வந்தவள். வீட்டில் அவள் சின்னவள், மோட்டாரக்கா பெரியவள். மாமியார் ஒரு சட்டம் வைத்திருந்தார்: இரண்டு மருமகள்களுக்கும் எது வாங்கினாலும் ஒரே மாதிரி இரண்டு. குடை இரண்டு, கைப்பை இரண்டு, செருப்பு இரண்டு, ஒரே நிறம், ஒரே கடை. "ஒருத்திக்கு ஒண்ணு கூட, ஒருத்திக்கு ஒண்ணு குறைன்னு பேச்சே வரக்கூடாது" என்பார். பேச்சு வரவில்லை. ஆனால் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தெருவில் போனால் யாருக்கு நன்றாக இருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்துபோகும் என்பதை அந்த அம்மாள் யோசிக்கவில்லை. எல்லாமே சின்னவளுக்குத்தான் நன்றாக இருந்தது. பெரியவள் இருபது வருடமாகச் செய்கிற சமையலை யாரும் குறை சொன்னதில்லை, அவ்வளவுதான். சின்னவள் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டால்கூட "பாவம், குழந்தை" என்பார்கள். குழந்தைக்கு முப்பத்துநாலு வயது.

இத்தனைக்கும் அவளை வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்த்துவிட்டது பெரியவள்தான். நீச்சல் கற்றுக்கொடுத்ததும் அவளேதான். "அக்கா, எனக்கும் சொல்லித் தாங்கக்கா" என்று மூன்று வருடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமியார் நீச்சலுடை இரண்டு வாங்கிவிட்டார். கருநீலம், விலாவில் ஆரஞ்சுக் கோடு, அதோடு மஞ்சள் தொப்பி இரண்டு. பெரியவள் இரண்டு வருடத்தில் பிடித்ததைச் சின்னவள் இரண்டு மாதத்தில் பிடித்தாள். மாஸ்டர் தொட்டியோரம் நின்று பார்த்துவிட்டு, "இவளுக்குத் தண்ணி சொன்ன பேச்சைக் கேக்குதும்மா" என்றார். பதினோரு வருடத்தில் மாஸ்டர் மோட்டாரக்காவிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் "ஆறுல வை", "நாலுக்குக் கொண்டா", "நிறுத்து" என்ற மூன்றில் அடங்கிவிடும். அன்று அவள் வயிற்றில் பற்றியது அணையவே இல்லை.

இந்த வருடம் முதலாளி நிலையத்தில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு திறக்க முடிவு செய்தார். அதற்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் வேண்டாம் என்றார். முதலாளி இருப்பது வேறு ஊர். விருப்பம் உள்ளவர்கள் தொட்டியில் நீந்தின பதிவுகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் பார்த்துச் சொல்வதாகத் தகவல் வந்தது.

மோட்டாரக்கா அன்று மோட்டாரை நிறுத்த மறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றே மாஸ்டரிடம் பெயரும் கொடுத்துவிட்டாள். பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது. ஒரு பக்கக் கைப்பிடியில் துணி சுற்றி வைத்திருந்தாள், இரும்பு உறுத்தாமல் இருக்க. இனி எழுந்துவிடலாம். தண்ணீருக்குள் நின்றுகொண்டு, நாலு பேர் முழங்கையைத் தன் கையால் தூக்கிவிட்டு, "இப்படிம்மா" என்று சொல்லலாம். மோட்டாரக்கா போய் மாஸ்டரம்மா ஆகலாம். இந்த ஒன்றை மட்டும் யாரும் ஜோடியாக வாங்க முடியாது.

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் சின்னவள், "அக்கா, நானும் பேர் குடுத்துட்டேன்" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தப் பயிற்சியாளர் வேலைக்குத்தான். நீங்க குடுத்திருக்கீங்கன்னு மாஸ்டர் சொன்னாரு. வீட்டுல எல்லாமே ரெண்டுதானே, இதுக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே குடுப்போமேன்னு..." சிரித்தாள். வாயெல்லாம் பல்.

"வேலை ஒண்ணுதானே இருக்கு?"

"உங்களுக்குத்தான்கா கிடைக்கும். நான் சும்மா துணைக்கு."

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாய்கிற கடா இப்படிச் சிரித்துக்கொண்டே பாயும் என்று யாரும் சொல்லவில்லை. துணைக்காம், துணைக்கு! கடைக்குப் போகிறாளா என்ன, துணைக்கு வர?

புதன்கிழமை ஐந்து பெண்கள் நீந்தினார்கள். நாலாம் வேகத்தில் இரண்டு நிமிடம், ஆறாம் வேகத்தில் இரண்டு நிமிடம். முதல் மூவரும் ஆறில் தடுமாறினார்கள், அவர்களைப் பற்றிக் கவலையில்லை. நாலாவதாகச் சின்னவள். நன்றாகத்தான் நீந்தினாள். ஆனால் ஆறுக்கு மாற்றியதும் இடதுபக்க ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவினாள். மற்றவர்களாக இருந்தால் மோட்டாரக்கா மைக்கை எடுத்திருப்பாள். எடுக்கவில்லை. ஒதுங்கட்டும், பதிவில் நன்றாக விழட்டும்.

கடைசியாக மோட்டாரக்கா. மேசையில் சின்னவள் உட்கார்ந்தாள். "கேமரா ஓடுதுக்கா" என்று மைக்கில் குரல் வந்தது. அவ்வளவுதான், உடம்பு கட்டையாகிவிட்டது. அடியில் ஒரு கண் தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பிலேயே கால் விறைத்தது. முழங்கையைத் தூக்க வேண்டும், முழங்கையைத் தூக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து மூச்சை மறந்தாள். ஆறாம் வேகத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். இருமிக்கொண்டே வெளியே வந்தபோது மாஸ்டர், "சரி, பரவாயில்ல" என்றார். பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அந்தப் பதிவைத் திறந்தே பார்க்காமல் தன் பெயரைப் போட்டு மூடினாள்.

வியாழக்கிழமை. மறுநாள் அனுப்ப வேண்டிய பதிவுகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். வரிசையின் அடியில் பெயர் போடாத பதிவு ஒன்று கிடந்தது. தேதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மின்சாரம் போய் வந்தால் அந்த இயந்திரத்தின் கடிகாரம் தன் பிறந்தநாளுக்கே போய் நின்றுகொள்ளும், யாரும் திருத்துவதில்லை. யாருடையதோ என்று திறந்தாள்.

கருநீல உடை. விலாவில் ஆரஞ்சுக் கோடு. மஞ்சள் தொப்பி.

நீச்சல் கண்ணாடியும் தொப்பியும் போட்டு முகத்தைச் சுற்றிக் குமிழ் பறந்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. ஆனால் அந்த உடை ஊரில் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருத்தி இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன நீச்சல் அது! தலை அசையவில்லை. கை தண்ணீரைக் கலைக்காமல் உள்ளே போயிற்று. போன கை உடனே இழுக்காமல், முழங்கையை மேலேயே நிறுத்தி, முன்கையை மட்டும் கீழே மடக்கித் தண்ணீரை ஒரு கட்டாகப் பிடித்துப் பின்னால் அனுப்பியது. அது முடிகிற இடத்தில் மறு கை தொடங்கியது, நடுவில் நூல் நுழைய இடமில்லை. இடுப்பு திரும்பினால் தோளும் அதோடு திரும்பியது. மூச்சுக்கு வாய் பாதிதான் வெளியே வந்தது. ஆறாம் வேகம். ஓட்டம் முழு பலத்தோடு வரும் நடு இடத்தில், ஒரு விரற்கடை முன்னும் பின்னும் போகாமல், ஊஞ்சலில் படுத்திருப்பவள் போல அவள் கிடந்தாள். எட்டு நிமிடம்.

மோட்டாரக்கா மூன்று முறை பார்த்தாள். முதல் முறை வாயைப் பிளந்து பார்த்தாள், இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இது நான் சொல்லிக்கொடுத்த நீச்சல் இல்லையே! புதன்கிழமை ஓரம் ஒதுங்கினவளா இவள்? அப்படியென்றால் அன்று ஏன் அப்படி நீந்தினாள்? யோசிக்க யோசிக்கக் கணக்கு ஒத்துக்கொண்டது. திங்கட்கிழமை தன் கணவனுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால் மோட்டாரக்கா விடுப்பு. மேசையில் இருந்தது சின்னவள். மாஸ்டர் இறக்கி, திருத்தி, எட்டு நிமிடம் எடுத்திருக்கிறார். புதன்கிழமை நீந்தினது கண்துடைப்பு, முதலாளிக்குப் போகப்போவது இது. "உங்களுக்குத்தான்கா கிடைக்கும்" என்றாளே, அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

பொறாமைக்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம், அதுவே கூட்டிக் கழித்துக்கொள்ளும். இந்த இடத்தில் அவள் எழுந்து போய் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்பாளா? கேட்டால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் முறை குறை தேடிப் பார்த்தாள். குறை இல்லாத நீச்சல் உலகத்தில் உண்டா? கடைசியில் ஒன்று அகப்பட்டது. இடது கை தண்ணீரைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் பிரிந்து நின்றது. "விரல் இடுக்குல தண்ணி ஒழுகுது பாரு. பெரிய நீச்சல்காரி!" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். சொன்னபின் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் முதலாளி விரலையா பார்க்கப்போகிறார்?

பதிவை அழித்தாள்.

எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவள். ஒவ்வொரு பதிவுக்கும் மாஸ்டர் அறைக் கணினியில் ஒரு பிரதி தானாகப் போய் உட்காரும் என்பது அவளுக்குத் தெரியும். மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போய் அதையும் அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் குப்பைக்கூடையையும் காலி செய்தாள். வலையில் சிக்கின முடியை வழிக்கிற மாதிரி, ஒரு இழை மிச்சமில்லாமல்.

சாயங்காலம் வீட்டில் சின்னவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். "அக்கா, எல்லாப் பதிவையும் பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையுமா?" கண்ணில் ஒரு குறும்பு.

வேவு பார்க்கிறாள், வேவு! "எல்லாத்தையும்தான். நாளைக்கு அனுப்பிடுவேன்" என்று டீயை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். நாக்கு சுட்டது. சுட்டாலும் அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள் என்பதை மறைப்பானேன்.

அடுத்த புதன்கிழமை மாஸ்டர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சொல்லத் தெரியாமல் மேசைமேல் இருந்த ஊதலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "முதலாளி சின்னவளைச் சொல்லிட்டாரும்மா. உடம்பு விறைக்காம தளர்வா இருக்குன்னாரு. ஓரம் ஒதுங்குறது திருத்திக்கலாமாம்" என்றார்.

மோட்டாரக்கா முகத்தில் ஈயாடவில்லை. அழித்தும் அவளுக்கே போனதா? பக்கத்தில் நிற்பவள் சிரிப்பாள், "அக்கா" என்று கட்டிக்கொள்வாள், கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆனால் சின்னவள் சிரிக்கவில்லை.

"அக்காவோட இன்னொரு பதிவை அவரு பாத்தாரா, மாஸ்டர்?"

"எந்த இன்னொரு பதிவு?"

"அக்கா தனியா நீந்தினது. எட்டு நிமிஷம். நான்தானே எடுத்தேன்! போன வாரம் செவ்வாக்கிழமை மத்தியானம் சாவி கேக்க உள்ள வந்தேன். அக்கா நீந்திட்டிருந்தாங்க. பாத்ததும் சாவியே மறந்துபோச்சு மாஸ்டர். சத்தம் போடாம கேமராவைப் போட்டுவிட்டேன்."

மாஸ்டர் கணினிப் பக்கம் திரும்பித் தேடினார். மறுபடி தேடினார். "அப்படி ஒண்ணு இல்லையேம்மா."

"இருக்கு. நானே நாலஞ்சு தடவ போட்டுப் பாத்தேன். பேர் போடாம விட்டேன். அனுப்ப எடுக்கும்போது அக்காவே பாத்துக் கண்டுபிடிச்சு, சந்தோஷப்பட்டு, அதையே அனுப்புவாங்கன்னு நினைச்சேன்." பெரியவள் பக்கம் திரும்பினாள். "முன்னாடியே சொல்லியிருப்பேன்கா. சொன்னா, பாக்கவே பயந்து அழிச்சிருவீங்களேன்னுதான் சொல்லல."

மோட்டாரக்கா பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். இடது கையை விரித்து, விரல்களை ஒன்றாகச் சேர்த்தாள். நாலு சேர்ந்தன. ஒன்று தள்ளி நின்றது.

செவ்வாய்க்கிழமை. ஆமாம். முந்தின நாள் முழுக்கப் பல் பிடுங்கின கணவனின் முனகல். எதையும் நினைக்கத் தெம்பில்லாமல் தொட்டியில் விழுந்தாள். எவ்வளவு நேரம் நீந்தினாள், எந்த வேகம் வைத்தாள், ஒன்றும் நினைவில்லை.

"கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது. மெஷின் தின்னிருக்கும்" என்றார் மாஸ்டர். "முதலாளிகிட்ட வேணும்னா பேசிப் பாக்கறேன். ஆனா அவரு சொன்னா சொன்னதுதான், உனக்கே தெரியும்." ஊதலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெரிய குளத்துக்குப் போய்விட்டார்.

மோட்டாரக்கா தொட்டி அறைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்னவள் பின்னாலேயே வந்தாள்.

"மெஷின் அப்படியெல்லாம் திங்குமாக்கா?"

தின்னும் என்று சொல்லிவிடலாம். மெஷினுக்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச? சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நான்தான் அழிச்சேன்."

"நீங்களா? ஏன்க்கா?"

"நீன்னு நினைச்சேன்."

சின்னவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிவது அவள் முகத்தில் படிப்படியாகத் தெரிந்தது. மோட்டாரக்கா காத்திருந்தாள். கத்துவாள், அழுவாள், வீட்டில் போய் அத்தையிடம் சொல்லுவாள், கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து, கைப்பிடியில் சுற்றின துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவாக்கா?" என்றாள் சின்னவள். குரல் இறங்கி இருந்தது. "நான் அவ்வளவு நல்லா நீந்துவேன்னா நினைச்சீங்க?"

நிமிர்ந்து பார்த்தாள். கேலியில்லை. அந்த முகம் மலர்ந்திருந்தது. ஒன்பது வருடத்தில் பெரியவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டிராத முகம். கடைசியில், கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிட்டு நின்றது.

அந்த நிமிடத்திலும் மோட்டாரக்காவுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? போனது தன் வேலை, போனது தன் நீச்சல், அவள் ஒருத்தி மட்டும் அதை யாரோ என்று பார்த்துத் தொலைத்துவிட்டாள். அதிலும் சந்தோஷம் கிடைத்தது இவளுக்குத்தான். கொடுத்து வைத்தவள்.

"போடி" என்றாள்.

"எனக்கு வர்றதே அதுல பாதிகூட இல்லக்கா."

"தெரியும். ஓரம் ஒதுங்குற. நான் பாத்துட்டு சொல்லாம விட்டேன்."

இதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று பெரியவளுக்குத் தோன்றியது.

மாதம் பிறந்ததும் சின்னவள் பெண்கள் பிரிவில் நின்றாள். நாற்காலியில் மோட்டாரக்காதான். சின்னவள் "ஆறுல வைங்கக்கா" என்பாள், இவள் வைப்பாள். ஓரம் ஒதுங்குகிறவர்களை மைக்கில் நடுவுக்கு அழைப்பாள், பயிற்சியாளரையும் சேர்த்துத்தான். வாடிக்கையாளர்கள் "புது மாஸ்டரம்மா நல்லா சொல்லித் தராங்க" என்றால், "எனக்கென்னங்க, சந்தோஷம்தான்" என்பாள். பழைய மாதிரியே ஒரு பார்வையும் உண்டு.

ஆனால் இப்போது அவளை அதிகம் எரிப்பது சின்னவள் இல்லை. அந்தப் பெயர் போடாத பதிவில் இருந்தவள். மூன்று முறை பார்த்தும் ஒருமுறைகூட மனசாரப் பார்க்கவில்லையே என்று நினைத்துப் படுக்கையில் புரளுவாள். தானே கேமராவை ஓடவிட்டு இறங்கிப் பார்த்தாள். ஓடுகிறது என்று தெரிந்தாலே உடம்பு கட்டையாகிவிடுகிறது. நாலு தடவை எடுத்தாள், நாலிலும் ஒரு மரக்கட்டை தண்ணீர் குடித்தது. மாஸ்டரிடம் கேட்க வெட்கம். அந்த நீச்சலைச் சத்தமில்லாமல் எடுக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

ஒரு மத்தியானம், நிலையம் மூடிய பிறகு, கருநீல உடையும் மஞ்சள் தொப்பியுமாக வந்து நாற்காலியைச் சின்னவள் பக்கம் தள்ளினாள்.

"நீ இங்க உக்காரு. இன்னிக்கும் உக்காரு, நாளைக்கும் உக்காரு. தினமும் நான் பாட்டுக்கு நீந்துவேன்."

"எடுக்கணுமாக்கா?"

"உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எடு. எப்பன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத."

திருகை ஆறில் வைத்துவிட்டுத் தொட்டியில் இறங்கினாள். ஓரத்துக்குப் போகாமல், ஓட்டம் முழுசாக வரும் நடுவில் போய் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள்.